ஏற்றம் குறைந்த மலை சைக்கிள் பாதை: எங்கே தேடுவது, எந்த எண்ணை நம்புவது?

பிப்ரவரி 4

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மலை சைக்கிள் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பச்சை வட்டம் போட்ட பாதை புதியவர்களுக்கானது என்று படித்துவிட்டுப் போனேன். முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டியது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். எளிய பாதையே இப்படி என்றால் நான் எங்கே போவது? ஏற்றம் குறைவாக, புதிய ஆள் ஓட்டுகிற மாதிரி பாதையை எப்படித் தேடுவது?”

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. அந்தப் பச்சை வட்டம் உங்கள் மூச்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இம்பா என்னும் பன்னாட்டு மலை சைக்கிள் சங்கம் பனிச்சறுக்குத் தளங்களைப் பார்த்து அமைத்த குறிகள் அவை: வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். பாதை எவ்வளவு அகலம், தரை எவ்வளவு உறுதி, ஒதுங்க முடியாத கல்லும் வேரும் எவ்வளவு உயரம், சாய்வு எவ்வளவு என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். ஓட்டும் திறமைக்குத்தான் இந்தக் குறி, உடல் உழைப்பை இதில் சேர்க்கவில்லை என்று வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறார்கள். பச்சைக்குச் சராசரிச் சாய்வு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஓரிடத்தில் 15 சதவீதம் வரை போகலாம். நீங்கள் இறங்கித் தள்ளியது பெரும்பாலும் அந்த ஓரிடமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 4, இரவு

அவசரத்தில் பாதியைத்தான் சொன்னேன். சரி, வேறு எதைப் பார்ப்பது? மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ட்ரெயில்ஃபோர்க்ஸ், கொமூட் போன்ற செயலிகளில் இரண்டு எண்ணும் கிடைக்கும். கிலோமீட்டருக்கு 10 மீட்டருக்குள் என்றால் ஏற்றத்தைப் பெரிதாக உணரமாட்டீர்கள். 20 மீட்டர் என்றால் தொடை பேச ஆரம்பிக்கும். 30-ஐத் தாண்டினால் இப்போதைக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள். இது எங்கும் எழுதிவைத்த விதி கிடையாது. என் கால் சொன்ன கணக்கு.

பிப்ரவரி 6

“கிலோமீட்டருக்கு 20 மீட்டர் என்றால் வெறும் 2 சதவீதம்தானே, இதற்கா பயமுறுத்துகிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் வட்டப் பாதையில் ஏறுவது பாதி, இறங்குவது பாதி. 10 கிலோமீட்டர் வட்டத்தில் 200 மீட்டர் ஏற்றம் என்றால், அந்த 200 மீட்டரும் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்குள் வந்தாக வேண்டும். ஏறும்போது சராசரி 4 சதவீதம். நடுவில் சமதளம் வந்தால் மிச்ச இடம் இன்னும் செங்குத்தாகும்.

பிப்ரவரி 9

மேலே சொன்ன வகுத்தல் கணக்கை நம்பி நானே ஏமாந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருவர் அதே குழியில் விழுவார்.

9 கிலோமீட்டர் வட்டம், மொத்த ஏற்றம் 80 மீட்டர். கணக்குப்படி சுகமான பாதை. என் தங்கைக்கு அதுதான் முதல் சவாரி, நான்தான் தேர்ந்தெடுத்தேன். எட்டு கிலோமீட்டர் பைன் மரங்களுக்கு நடுவே தரை மேஜை மாதிரி கிடந்தது. அவள் பாடிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஓர் ஓடையைக் கடந்ததும் பாதை சுவர் மாதிரி எழுந்து நின்றது. 80-இல் ஐம்பது மீட்டருக்கு மேல் அந்த ஒரே மேட்டில் இருந்தது. அவள் பாட்டு நின்றது. பாதி மேட்டில் கியரை மாற்றப் பார்த்துச் சங்கிலி கழன்றது. கீழே இறங்கியவள் சைக்கிளைப் புதரோரம் சாய்த்துவிட்டு, “எளிதான பாதை என்று சொன்னாயே அண்ணா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

எனவே மொத்தத்தைப் பார்த்தபின், தூரம் போகப் போக உயரம் எப்படி மாறுகிறது என்று செயலி கோடாக வரைந்து காட்டும் உயர வரைபடத்தையும் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி சின்னச் சின்னதாக ஏறி இறங்கினால் நல்லது. நாலு மீட்டர் ஏற்றம் இருபது முறை வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இறக்கம் கொஞ்சம் வேகம் தரும், பின்னால் ஓர் இளைப்பாறல் இருக்கும். கத்தி முனை மாதிரி ஒரே ஒரு கூம்பு நின்றால், எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: திரையில் எல்லா வரைபடமும் ஒரே உயரத்துக்கு இழுத்துக் காட்டப்படும். 30 மீட்டர் மேடும் 300 மீட்டர் மலையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். இடது ஓரத்தில் உள்ள எண்களைப் படிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பிப்ரவரி 10

ஆமாம், அவள் மறுபடி வந்தாள். பலர் கேட்டதால் சொல்கிறேன். எப்படி என்பது கீழே வரும்.

பிப்ரவரி 11

செங்குத்து ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது என்று யோசித்துக் கணக்குப் போட்டேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 94 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 5 சதவீதச் சாய்வில் ஏற, உயரத்துக்கு மட்டும் சுமார் 65 வாட். 10 சதவீதத்தில் 130. 15 சதவீதத்தில் 190. தரை உராய்வு தனி. சமதளத்தில் களைத்தால் வேகத்தைக் குறைக்கலாம். மேட்டில் ஓரளவுக்குக் கீழே குறைக்க முடியாது, சைக்கிள் நிலைதடுமாறிச் சாயும். மிகச் சின்ன கியர் உதவுவதற்கும் ஓர் எல்லை உண்டு. முன்னால் 32 பல், பின்னால் 51 பல், 29 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, சுமார் 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் அதே 5 கிலோமீட்டர் வேகம்தான். பயிற்சி இல்லாத ஒருவரிடம் 190 வாட்டைச் சில நிமிடம் கேட்பது அநியாயம். தள்ளிக்கொண்டு போவதே சரி.

பிப்ரவரி 15

எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். என் முதல் பதில்: தண்டவாளம் பெயர்த்த பாதைகள்.

இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடி குறைவு. 2 சதவீதச் சாய்வே ரயிலுக்குப் பெரிய ஏற்றம். அதனால் அந்தக் காலத்தில் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்கில் பாலம் கட்டியும் பாதையைத் தட்டையாக்கினார்கள். ரயில் நின்றுபோனபின் அந்த உழைப்பு முழுவதும் நம் காலுக்குக் கிடைத்த கொடை. நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் பாதை 152 கிலோமீட்டர், இதே வகை. அமெரிக்காவில் ஐடஹோ, மொன்டானா எல்லையில் உள்ள ஹையவாதா பாதை இன்னும் ஒரு படி மேல். 24 கிலோமீட்டர், முழுக்க 2 சதவீதத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும். முடிவில் பேருந்து நம்மையும் சைக்கிளையும் மேலே ஏற்றிக்கொண்டு வரும். அதில் ஒரு சுரங்கம் மட்டுமே சுமார் 2.7 கிலோமீட்டர், விளக்கு இல்லாமல் விடமாட்டார்கள்.

கால்வாய்க் கரைகளும் அப்படித்தான். ஒரு மதகுக்கும் அடுத்த மதகுக்கும் நடுவே தண்ணீர் மட்டமாக நிற்கிறது, கரையும் மட்டம். படகை மேலேற்றும் மதகு வரும் இடத்தில் மட்டும் சில மீட்டர் ஏற்றம். வாஷிங்டனில் இருந்து கம்பர்லாந்து வரை போகும் சி அண்டு ஓ கால்வாய்க் கரை 297 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் 74 மதகு, மொத்தம் 185 மீட்டர் அளவுக்குத்தான் உயர்கிறது.

பிப்ரவரி 16

“இதெல்லாம் மலை சைக்கிளே இல்லை, பூங்காவில் நடை போவது மாதிரி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. சரளையில் டயர் எப்படி வழுக்கும், முன் பிரேக்கை எவ்வளவு தொடலாம், எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் மூச்சு வாங்காத இடத்தில்தான் மனதில் ஏறும். களைத்த தலைக்கு எதுவும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆனால் ஒரு பாதி அவர் சொல்வதும் சரி. மூன்று நாள் ரயில் பாதையில் ஓட்டிவிட்டு ஒற்றையடிப் பாதைக்குப் போனால் முதல் வளைவிலேயே திகைப்பீர்கள். வேரும் கல்லும் கொண்டை ஊசி வளைவும் ரயில் பாதையில் இல்லவே இல்லை. நாலைந்து சவாரிக்கு அது போதும், அதற்குமேல் அங்கேயே தங்க வேண்டாம்.

பிப்ரவரி 22

திருத்தம். பெரிய திருத்தம்.

போன வாரம் ஓர் ஆற்றோரப் பாதையை “கிலோமீட்டருக்கு 34 மீட்டர், வேண்டாம்” என்று ஒருவருக்குப் பதில் சொன்னேன். நேற்று நானே போய் ஓட்டினேன். ஆற்றோடு ஒட்டி, பாறைச் சரிவின் இடுப்பில் வெட்டிய பாதை. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த எண் பொய்.

காரணம் இது. பல செயலிகள் உயரத்தைப் பாதையில் அளப்பதில்லை, மேலிருந்து எடுத்த தரை உயர வரைபடத்தில் படிக்கின்றன. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ராடாரால் அளந்த வரைபடம் இன்றும் பல இடங்களில் அடிப்படை. அதன் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 30 மீட்டர். செங்குத்தான சரிவில் 30 மீட்டருக்குள் தரை பதினைந்து மீட்டர் உயர்ந்துவிடும். பாதையின் கோடு நாலடி இப்படி நாலடி அப்படி நகர்ந்தாலே கணினி “ஏறினான், இறங்கினான்” என்று கூட்டிக்கொண்டு போகும். பாலத்தில் போகும்போது பள்ளத்தாக்கின் அடி வரை இறங்கி ஏறியதாகவும், சுரங்கத்தில் மலை உச்சிக்கே போனதாகவும் கணக்கு வரும். ராடார் சில இடங்களில் மர உச்சியைத் தரை என்று எடுத்திருக்கிறது. அதனால் காட்டின் ஓரத்தில் இல்லாத மேடு முளைக்கும்.

பள்ளத்தாக்கு, பாலம், சுரங்கம் உள்ள பாதையில் மொத்த ஏற்றத்தை அப்படியே நம்ப வேண்டாம். சம உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தைத் திறந்து, பாதை அந்தக் கோடுகளுக்கு இணையாகப் போகிறதா, குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதா என்று கண்ணால் பாருங்கள். இணையாகப் போனால் சமதளம். குறுக்கே வெட்டினால் ஏற்றம், கோடுகள் நெருங்க நெருங்கச் செங்குத்து. அல்லது காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் கருவியோடு ஏற்கெனவே ஓட்டியவரின் பதிவைத் தேடுங்கள். நான் தவறாகத் தடுத்துவிட்ட அந்த நண்பருக்கு: போங்கள், அருமையான பாதை.

மார்ச் 1

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். “ஏறாமல் இறங்க மட்டும் ஆசைப்படுவது ஏமாற்று வேலை” என்று ஒரு பதில். மலை சைக்கிளின் பிறப்பே அங்கேதான். 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே ரீபேக் பந்தயம் தொடங்கியது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பழைய தடி டயர் சைக்கிள்கள், இரும்புக் கனம். அதனால் அவற்றைச் சரக்கு வண்டியில் போட்டு மேலே கொண்டுபோனார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும், திரும்ப அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயரே அப்படித் திரும்ப அடைப்பதில் இருந்து வந்ததுதான். ஏற்றத்தை வெறுப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மார்ச் 2

இப்படி எழுதிவிட்டேனே, எல்லோரும் கம்பிவட லிஃப்ட் உள்ள சைக்கிள் பூங்காவுக்குப் போய்விடுவார்களோ என்று இரவு தூக்கம் வரவில்லை. போகலாம். கனடாவின் விஸ்லர் போன்ற இடங்களில் லிஃப்ட் மேலே ஏற்றிவிடும், புதியவர்களுக்கென்று பச்சைப் பாதைகளும் உண்டு. ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் உச்சிக்குப் போகலாம். ஆனால் முதல் முறை அப்படி ஒரு பூங்காவுக்குப் போனபோது என் கால்கள் புத்தம் புதிதாக இருந்தன, கைகள்தான் செத்துப்போயின. இருபது நிமிடம் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினேன். கீழே வந்து தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க முடியவில்லை.

ஏற்றம் குறைவு என்பது ஒன்று. புதியவர்களுக்கு ஏற்றது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் கடையில் பாதி சாமான்தான் கிடைக்கும். நம் வாசகரின் கேள்வியில் இரண்டும் கலந்திருந்தன, நானும் ஒரு மாதமாகப் பிரிக்காமலே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காதீர்கள். ஒரு விரலால் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் ஓரமாக நின்று கையை உதறிக்கொள்ளுங்கள்.

மார்ச் 8

எங்கே வண்டியை நிறுத்திப் புறப்படுகிறீர்கள் என்பது பாதையைவிட முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. கணவாயிலோ அணைக்கட்டின் மேலேயோ நிறுத்துமிடம் இருந்தால், முதலில் இறக்கம். காற்று முகத்தில் அடிக்கும், சுகமாக இருக்கும், பத்து நிமிடத்தில் கீழே. அப்புறம் திரும்பி வர வேண்டும். களைப்பும் தாகமும் சேர்ந்த நேரத்தில் மொத்த ஏற்றமும் காத்திருக்கும். கீழிருந்து தொடங்கினால் எந்த இடத்திலும் “போதும்” என்று திரும்பலாம், வீடு எப்போதும் இறக்கத்தில் இருக்கும். போன வழியே திரும்பும் பாதையில் இது இன்னும் பெரிய வசதி. எட்டு கிலோமீட்டர் போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

வட்டப் பாதையில் எந்தத் திசை? மொத்த ஏற்றம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், சாய்வு வேறு. அகலமான காட்டுச் சாலை வழியாக மெதுவாக ஏறி, ஒற்றையடிப் பாதையில் இறங்குவதுதான் வழக்கம். ஒரே திசையில்தான் ஓட்டலாம் என்று பலகை இருந்தால் மீற வேண்டாம், எதிரே வேகமாக ஒருவர் வருவார். இரு திசையிலும் ஓட்டும் பாதையில் இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். மேட்டில் ஒருமுறை நின்றால் மறுபடி மிதித்துக் கிளம்புவது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியுமே.

மார்ச் 9

மோட்டார் உதவி சைக்கிள் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நல்ல வழிதான். ஐரோப்பிய விதிப்படி 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை உதவும். எல்லாப் பாதையிலும் அனுமதி இல்லை, பலகையைப் படித்துவிட்டு நுழையுங்கள். இறக்கத்தில் அந்தக் கனமும் உங்களோடு சேர்ந்து இறங்கும் என்பதை மறக்காதீர்கள்.

மார்ச் 15

பாதையை மாற்றாமலே ஏற்றத்தைக் குறைக்க முடியும் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சீட்டை உயர்த்துங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் போதும். புதியவர்கள் பயத்தில் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள், பாதி பலம் அங்கேயே வீண். மேடு கண்ணில் பட்டதும், கால் திணறுவதற்கு முன்பே, சின்ன கியருக்குப் போய்விடுங்கள். என் தங்கைக்குச் சங்கிலி கழன்றது தாமதமாக மாற்றியதால்தான். செங்குத்தில் சீட்டின் முனைக்கு நகர்ந்து முழங்கையைத் தாழ்த்தினால் முன்சக்கரம் தூக்காது.

கல்லும் வேரும் உள்ள தரையில் டயரைக் கல் மாதிரி அடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு கல்லிலும் துள்ளித் துள்ளி வேகம் போகும். அகலமான டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தால் அது கல்லை விழுங்கிக்கொண்டு உருளும்.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். சேற்றில் 3 சதவீதம் 8 சதவீதம் மாதிரி இழுக்கும், பாதையும் கெட்டுப்போகும்.

மார்ச் 20

பம்ப் ட்ராக்கை மறந்தே போனேன்! அலை அலையான மேடுகளும் சாய்ந்த வளைவுகளும் உள்ள சின்ன வட்டம். மேட்டில் உடலை லேசாக்கி, பள்ளத்தில் அழுத்தி, பெடலே மிதிக்காமல் சுற்றலாம். அரை மணி நேரத்தில் உடல் எடையை எங்கே வைப்பது என்று கால் தானாகக் கற்றுக்கொள்ளும். அதன்பின் காட்டுப் பாதையில் நாலு மீட்டர் மேடுகள் பாதி உழைப்பில் ஏறும். ஏற்றத்துக்குப் பயப்படும் எல்லோரையும் முதலில் அங்கே அனுப்புவேன்.

மார்ச் 29

தங்கை எப்படித் திரும்ப வந்தாள் என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அந்தச் சுவர் மேட்டுக்குப் பிறகு ஒரு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. நான் அழைக்கவும் இல்லை. பிறகு இரண்டு முறை பம்ப் ட்ராக், மூன்று முறை கால்வாய்க் கரை. அதற்கடுத்து நான் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த ஒரு பாதை: 7 கிலோமீட்டர், 60 மீட்டர் ஏற்றம், ரம்பப் பல் வரைபடம், கீழிருந்து தொடக்கம். ஓரிடத்தில் இறங்கித் தள்ளினாள். அது அங்கே வரும் என்று முன்பே சொல்லியிருந்தேன், அவளும் அதை எதிர்பார்த்திருந்தாள். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்து, “இதைத்தான் முதல் நாள் காட்டியிருக்க வேண்டும்” என்றாள்.

ஏப்ரல் 2

முதல் கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார். வரைபடத்தில் கோடுகளுக்கு இணையாகப் போகும் ஒரு குளக்கரைப் பாதையைக் கண்டுபிடித்திருக்கிறார். 11 கிலோமீட்டர். செயலி 210 மீட்டர் என்று காட்டியதாம், ஓட்டி வந்தபின் அவருடைய காற்றழுத்தக் கருவியில் 88. இரண்டு இடத்தில் மட்டும் மூச்சு வாங்கியதாம். அடுத்த வாரம் எதிர்த் திசையில் ஓட்டலாமா என்று கேட்கிறார். ஓட்டுங்கள். அந்த இரண்டு இடமும் அப்போது இறக்கமாக வரும், பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள்.